“கைமடியா இருந்தவதானே” என்று சொல்லிவிடுவார்களோ?

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். நோட்டிலிருந்து கிழித்த தாள், பாதிக் கடிதம் நீல மை, மீதி கறுப்பு. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 38. பதினாறு வயதில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தவர். டைலர் தைத்துத் தள்ளும் பீஸை வாங்கி, பிசிறு வெட்டி, அடுக்கிக் கொடுக்கும் வேலை. நின்றபடியே நாள் போகும். மூன்று வருடம் கழித்து மிஷினில் உட்கார்ந்தார். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் கைவந்தன. கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை, மகள் கல்லூரியில் முதல் வருடம். ஒன்பது மாதத்துக்கு முன் ஏற்றுமதி யூனிட் ஒன்றில் அவரை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அவருக்குக் கீழே 42 பேர். பாதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்து கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் இளம்பெண்கள்.

அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. “எனக்கு முன்னாடி இருந்தவர் வாயைத் தொறந்தா லைனே நடுங்குமுங்க. நானும் அப்படியே கத்திப் பார்க்கறேன். வீட்டுக்கு வந்தா தொண்டை கட்டிக்குது, அழுகை வருது” என்கிறார். புதிதாக வந்த பெண்களிடம், தான் நேராக டைலராகவே சேர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். பத்தாம் வகுப்பில் கணக்கில் பெயில். ஆனால் எச்.ஆர். வாய்வார்த்தையாகக் கேட்டபோது “பிளஸ் டூ” என்று சொல்லிவிட்டார், படிவத்திலும் அப்படியே ஏறிவிட்டது. மீட்டிங்கில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஆங்கிலத்தில் பேசினால் புரிந்த மாதிரி தலையாட்டுகிறார். மெக்கானிக்கும் கட்டிங் மாஸ்டரும் ஹாஸ்டல் பெண்களைப் பற்றி இரட்டை அர்த்தத்தில் பேசும்போது கூடச் சேர்ந்து சிரிக்கிறார். சிரிக்காவிட்டால் “பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை” என்று ஓரங்கட்டிவிடுவார்கள் என்ற பயம். பன்னிரண்டு வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட தோழிகள் இப்போது தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

போன மாதம் ஒடிசாவைச் சேர்ந்த 19 வயதுப் பெண் ஒருத்தி ‘எம்’ லேபிளையும் ‘எல்’ லேபிளையும் மாற்றி வைத்துத் தைத்துவிட்டாள். சொல்லப் பயந்து அறுபது பீஸை மிஷினுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். பண்டல் கணக்கு உதைத்தபோது விஷயம் வெளியே வந்தது. எல்லார் முன்னாலும் அவளைத் திட்டித் தீர்த்திருக்கிறார் சகோதரி. அந்தப் பெண் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

அவருடைய கேள்விகள்: வீடியோவில் சொல்கிற ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்ற நோய் தனக்கு இருக்கிறதா? பேசாமல் மிஷினுக்கே திரும்பிவிடலாமா? “அம்மா, நீ நீயா இரு” என்கிறாள் மகள். தான் தானாக இருந்தால் யார் மதிப்பார்கள்?

அன்புள்ள சகோதரி,

ஐந்தாவது பக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்த கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று படிக்க முடிகிறது: “வேலை எனக்கு நல்லாத் தெரியும்.” எட்டுப் பக்கத்தில் உங்களைப் பற்றி நீங்கள் நல்லதாக எழுதிய ஒரே வரி அதுதான். அதைத்தான் அடித்தீர்கள். உங்கள் குறைகளைச் சொல்லும் வரி ஒன்றைக்கூட அடிக்கவில்லை.

நோய்க் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். 1978-இல் அமெரிக்காவில் பவுலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், நன்றாகப் படித்து நல்ல நிலைக்கு வந்த பெண்கள் பலர் “எல்லாரையும் ஏமாற்றித்தான் இங்கே வந்திருக்கிறேன், ஒருநாள் மாட்டிக்கொள்வேன்” என்று உள்ளுக்குள் நடுங்குவதைக் கவனித்து எழுதினார்கள். அவர்கள் அதை நோய் என்று சொல்லவில்லை. மனநோய்களின் பட்டியலிலும் அது கிடையாது. ‘சிண்ட்ரோம்’ என்ற ஒட்டு பிறகு வந்தது. உங்களுக்கு அந்த நடுக்கம் இருக்கிறது, சரி. ஆனால் எல்லாவற்றையும் அந்தப் பெயருக்குள் போட்டு மூடிவிடாதீர்கள். 22 வருடம் பனியன் கம்பெனியில் உழைத்த ஒருவரை ஒரே நாளில் 42 பேருக்குப் பொறுப்பாளராக்கி, ஒரு வாரப் பயிற்சிகூடக் கொடுக்காமல், ஆங்கில மெயிலையும் கணினியில் போடும் ரிப்போர்ட்டையும் கையில் திணித்தால் யாருக்கும் கை நடுங்கும். அதில் பாதி உங்கள் மனசின் கோளாறு இல்லை. கம்பெனி செய்யாமல் விட்ட வேலை.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். தெரியாதது ஒன்று, தெரியாததற்காகப் படும் வெட்கம் இன்னொன்று. தெரியாததைக் கற்றுக்கொள்ளலாம். ரிப்போர்ட் போட மகள் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்துவிடுவாள். வெட்கத்துக்குப் பயிற்சி வகுப்பு கிடையாது. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

செக்கிங் டேபிள் சொல்லும் பாடம்

‘உங்களை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று நான் சொன்னால் உங்களுக்கு இரண்டு விதமாகக் கேட்கும். “நீ ரொம்ப நல்லவள்” என்று கண்ணாடி முன் நின்று தினமும் சொல்லிக்கொள்ளும் சமாச்சாரமாகக் கேட்கலாம். “நான் இப்படித்தான், போங்கள்” என்று கால்மேல் கால் போட்டு உட்காரும் திமிராகவும் கேட்கலாம். நான் சொல்ல வருவது உங்கள் செக்கிங் டேபிளில் தினமும் நடக்கிறது. செக்கர் ஒரு பீஸைக் கையில் எடுக்கிறார், ஓரத் தையல் விட்டிருக்கிறது, ஆல்டருக்கு, அதாவது திருத்தித் தைக்க, தள்ளுகிறார். பீஸைத்தான் தள்ளுகிறார். தைத்த டைலரைத் தூக்கி ஆல்டர் பெட்டியில் போடுவதில்லை.

ஆல்பர்ட் எல்லிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பல பத்தாண்டுகள் இதையே விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். செய்த காரியத்துக்கு மார்க் போடு, செய்த மனிதருக்கு மொத்தமாக மார்க் போடாதே. ‘தன்மதிப்பு’ என்று நாம் கொண்டாடுவதையே அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார். டார்கெட் முடிந்த நாளில் ஏறும், முடியாத நாளில் இறங்கும், அதை நம்பி எப்படி நிற்பது என்பது அவர் வாதம். உங்கள் கதையும் அதேதான். மணிக்கு எத்தனை பீஸ் முடிந்தது என்று எழுதும் ஹவர்லி போர்டில் எண் குறைந்தால் “லைன் பின்தங்கிவிட்டது” என்று உங்களுக்குத் தோன்றுவதில்லை. “நான் லாயக்கில்லாதவள்” என்று தோன்றுகிறது. அந்த வலியைத் தாங்க முடியாமல் சத்தம் போடுகிறீர்கள். உங்களிடமிருந்து கிளம்பிய வலி போய் இறங்கும் இடம் 19 வயதுப் பெண்ணின் தலை.

ஒளித்து வைத்த அறுபது பீஸ்

இந்தச் சம்பவத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். அந்தப் பெண் பீஸை ஏன் ஒளித்தாள்? தப்புத் தெரிந்தால் தொலைந்தோம் என்று நினைத்தாள். நீங்கள் கைமடியாக இருந்ததை ஏன் ஒளிக்கிறீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள், பதில் ஒன்றேதான்.

1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில், வார்டுகளில் மருந்து மாறிப் போகும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கிற குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, நடந்ததைச் சொல்லப் பயமில்லை. மற்ற வார்டுகளில் தவறுகள் மூடி மறைக்கப்பட்டன.

உங்களுக்கு முன்னால் இருந்தவர் வாயைத் திறந்தால் லைன் நடுங்கும் என்றீர்கள். அந்த லைனில் எத்தனை பீஸ் மிஷினுக்கு அடியில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? லேபிள் மாறியது முதல் பத்து பீஸில் தெரிந்திருந்தால் பிரித்துத் தைக்க அரை மணி நேரம் போதும். அறுபது சேர்ந்ததற்குக் காரணம் அவளுடைய கவனக்குறைவு மட்டுமில்லை. எம், எல் இரண்டு லேபிளும் ஒரே டப்பாவில் கிடந்ததாக நீங்களே போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்தும் தடுமாற்றம்தானா என்று யாராவது கேட்டார்களா? தலையாட்டியிருப்பாள், நீங்கள் மீட்டிங்கில் ஆட்டுகிற மாதிரி.

அவளிடம் நீங்கள் பேச வேண்டும். ஹிந்தியோ ஒடியாவோ வராவிட்டால் லைனில் ஓரளவு தமிழ் பழகிய ஒடிசாப் பெண் ஒருத்தியைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். மூன்று விஷயம் போதும்: “எல்லார் முன்னாலயும் அப்படிக் கத்தியது என் தப்பு. லேபிள் மாறினது தப்புதான், அதுக்கு இனி ரெண்டு டப்பா வெச்சுக்கலாம். அடுத்த தடவை தப்பு வந்தா முதல் பீஸ்லயே என்னைக் கூப்பிடு.” மன்னிப்புக் கேட்டால் மதிப்புப் போய்விடும் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் தப்புப் பண்ணிய அந்தக் காட்சியை 42 பேரும் நேரில் பார்த்தாயிற்று. அதில் மறைக்க இனி என்ன இருக்கிறது?

அப்புறம், முடிந்தால் இதையும் சொல்லுங்கள். கைமடியாக இருந்த காலத்தில் நீங்களும் ஏதாவது மாற்றிப் போட்டிருப்பீர்கள். கைமடி வேலை பார்த்தவருக்குத்தான் பீஸ் எந்த இடத்தில் தேங்கும், யாருக்குக் கால் கடுக்கிறது, யார் பாத்ரூம் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு பார்வையில் தெரியும். படித்து நேராக வந்த சூப்பர்வைசருக்கு அது வர நாளாகும். உங்கள் கையில் இருக்கும் பெரிய சரக்கே அதுதான். அதைப் போய் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

நானும் யோக்கியம் இல்லை. ஆலோசகராக உட்கார்ந்த முதல் வருடம், என் பேச்சில் இருந்த ஊர் வாடையைத் துடைத்துவிட்டு, என் சீனியர் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி அரை மணி நேரம் கேட்டுவிட்டு, “அம்மணி, உனக்குத் தொண்டை சரியில்லையா?” என்றார். என் கவனமெல்லாம் என் பேச்சின் மேலேயே இருந்ததால், அவர் சொன்னதில் பாதியை நான் கேட்கவே இல்லை. ஒளிப்பதற்கு இவ்வளவு கவனம் செலவாகும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. எதிரில் இருப்பவருக்குக் கொடுக்கவேண்டிய கவனம் அது.

படிவத்தில் ஏறிய பிளஸ் டூ

“நீ நீயா இரு” என்று மகள் சொன்னதை, எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டிவிட வேண்டும் என்று புரிந்துகொள்ளாதீர்கள். கைமடி கதையைச் சொல்வதால் உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. படிப்பு விஷயம் வேறு. வேலைக்குச் சேரும்போதோ பதவி உயரும்போதோ தவறான தகவல் தருவதைப் பல கம்பெனிகளின் நிலையாணைகள், அதாவது பணி விதிகள், ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றமாக வைத்திருக்கின்றன. டீக் குடிக்கும் இடத்தில் போகிறபோக்கில் சொல்கிற விஷயம் இல்லை இது.

உங்கள் பக்கம் ஒரு நல்ல அம்சம், நீங்கள் எந்தச் சான்றிதழும் கொடுக்கவில்லை. வாய்வார்த்தையோடு நின்றிருக்கிறது. பத்தாயிரம் கொடுத்தால் பிளஸ் டூ சர்டிபிகேட் ‘ரெடி’ பண்ணித் தருவதாகச் சொல்லும் உறவுக்காரரிடம் தயவுசெய்து போகாதீர்கள். இப்போது இருப்பது திருத்தக்கூடிய ஒரு பொய். போலிச் சான்றிதழ் கொடுத்த நிமிஷம் அது போலீஸ் கேஸ்.

உங்களை மிஷினிலிருந்து எழுப்பிப் பதவியில் உட்காரவைத்த புரொடக்‌ஷன் மேனேஜர், உங்களைப் பத்து வருடமாகத் தெரிந்தவர் என்கிறீர்கள். அவர் பார்த்தது உங்கள் வேலையை. முதலில் அவரிடம் தனியாகச் சொல்லி, எச்.ஆர். பதிவைத் திருத்துவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்கு முன் கம்பெனியின் நிலையாணையில் என்ன இருக்கிறது என்று தொழிற்சங்கத்திலோ ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை கடிதம் வரலாம். பதவி போகவும் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. சொல்லாமலே இருந்தால் வேறு ஒருவர் வாயால், அவருக்குத் தோதான நாளில் வெளியே வரும். இரண்டில் எது உங்களுக்குத் தாங்கும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சொல்லும்போது கையில் ஒரு விண்ணப்ப ரசீது இருந்தால் பேச்சு சுலபமாகும். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் எழுதலாம், அங்கே வயதுக்கு மேல்வரம்பு இல்லை. மகளுக்குக் கல்லூரி, அம்மாவுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு. வீட்டில் இரண்டு பேர் படிக்கட்டுமே.

அந்தச் சிரிப்பு

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கறாராகத்தான் பேச வேண்டியிருக்கிறது. ஆண்களோடு சேர்ந்து சிரித்தால் அவர்களில் ஒருத்தியாக ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் சிரிப்பதைக் காது கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து ஹாஸ்டல் பெண்கள் பார்க்கிறார்கள். மொழி புரியாவிட்டாலும் எந்தச் சிரிப்பு எதற்கு என்று பெண்களுக்குப் புரியும், உங்களுக்கும் பதினாறு வயதில் புரிந்திருக்கும். நாளைக்கு ஒருத்திக்கு நிஜமாகவே தொல்லை வந்தால் உங்களிடம் வரமாட்டாள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் வருடச் சட்டம், தொட்டால்தான் குற்றம் என்று சொல்லவில்லை. பாலியல் சாயலோடு பேசுவதும் அதில் அடங்கும். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்கு எழுதிக் கொடுத்து உதவுவது குழுவின் கடமை. உங்கள் யூனிட்டில் அந்தக் குழுவின் பெயர்ப்பலகை எங்கே மாட்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் திங்கட்கிழமை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லைனில் உள்ள பெண்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

மெக்கானிக்கிடம் பிரசங்கம் செய்ய வேண்டாம். அடுத்த முறை சிரிக்காமல், “அண்ணா, இந்தப் பேச்சு என் லைன்ல வேண்டாம்” என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். கொஞ்ச நாள் முறைப்பார். மிஷின் ரிப்பேருக்குக் கூப்பிட்டால் தாமதமாகக்கூட வருவார். அப்படி வந்தால் நேரத்தைக் குறித்து மேனேஜரிடம் கொடுங்கள், அது வேலைப் பிரச்சினையாகத் தீரட்டும்.

மிஷினுக்குத் திரும்புவதா?

திரும்பலாம். அது தோல்வி இல்லை. பதவி உயர்வை வேண்டாம் என்று சொல்லி நிம்மதியாக இருக்கும் டைலர்களை எனக்குத் தெரியும். ஆனால் எதற்காகத் திரும்புகிறீர்கள் என்று பாருங்கள். “எனக்குத் தைப்பதுதான் பிடித்திருக்கிறது, ஆட்களை மேய்ப்பது பிடிக்கவில்லை” என்றால் தாராளமாகப் போங்கள். “கண்டுபிடிப்பதற்குள் இறங்கிவிடுகிறேன்” என்றால் அந்தப் பயம் மிஷினுக்கும் கூடவே வரும். இப்போதே முடிவெடுக்காமல் மூன்று மாதம் தள்ளி வையுங்கள். கத்தாத சூப்பர்வைசராக நீங்கள் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லையே, அது எப்படி இருக்கும் என்று தெரியாமல் எப்படி வேண்டாம் என்பீர்கள்?

கத்தாமல் இருப்பது என்றால் குழைவது இல்லை. தாமதமாக வந்தால் கேட்கத்தான் வேண்டும். ஆல்டர் அதிகமானால் தனியாகக் கூப்பிட்டு, பீஸைக் கையில் வைத்துக்கொண்டு காட்டத்தான் வேண்டும். உங்கள் இயல்பே கோபம்தான் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. இத்தனை வருடம் டைலராக இருந்தபோது யாரையும் திட்டியதாக ஒரு வரிகூட இல்லை. அந்தக் கோபம் முன்னால் இருந்தவரிடமிருந்து வாங்கிப் போட்ட சட்டை. அளவு சரியில்லை, அவ்வளவுதான்.

மீட்டிங்கில் ஒரே ஒரு வாக்கியம் பழகிக்கொள்ளுங்கள்: “சார், இது எனக்குப் புரியலை, தமிழ்ல ஒரு தடவை சொல்லுங்க.” முதல் முறை காது சுடும். புரியாமல் தலையாட்டி ஷிப்மென்ட் தவறுவதைவிட அது மலிவு.

தோழிகள் விஷயத்தில் உங்களுக்குப் பிடித்த பதிலாக என்னால் தர முடியவில்லை. நீங்கள் எவ்வளவு நல்ல சூப்பர்வைசர் ஆனாலும் அந்தப் பழைய வட்டம் அப்படியே திரும்பாது. இப்போது அவர்களுக்கு ஷிப்ட் போடுவதும் லீவு தருவதும் நீங்கள், மேனேஜரைத் திட்ட வேண்டுமென்றால் உங்கள் முன்னால் திட்ட முடியாது. அவர்கள் தள்ளி உட்காருவது உங்கள் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலைக்கு வெளியே, கோவில் நோன்பிக்கோ வீட்டு விசேஷத்துக்கோ போங்கள், அங்கே நீங்கள் பழைய ஆள்தான்.

தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் இதேபோலக் கெட்டிருந்தாலோ, காலையில் கம்பெனி வாசலை நினைத்தாலே நெஞ்சு படபடத்தாலோ, அதை நீங்களே சமாளித்துக்கொண்டிருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் போகலாம். அதற்குக் கம்பெனியில் யாருக்கும் தகவல் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணிடம் பேசிய பிறகு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. ஐந்தாவது பக்கத்து வரியை அதில் திரும்ப எழுதினால், இந்தத் தடவை அடிக்காமல் விடுங்கள்.